முனியாண்டிக்கு வச்ச சோறு

ஹலோ... ஹலோ... ஆமா, பாச்சாங் நாகமுத்து மளிகைக் கடைதான்... யாரு? அட, அன்னம்மா அண்ணியா. நான் உங்க தம்பி பொண்டாட்டி கோமளா பேசுறேன். என்ன, எஸ்டேட்டு ஆபீஸ் போன்ல இருந்தா? கணக்கெழுதுற கிராணி பொண்டாட்டின்னா காலங்காத்தாலயே போன் கிடைக்குது பாருங்க... சரி சரி, சும்மா சொன்னேன் லா.

... ஆமா ஆமா, நல்லபடியா வந்து சேர்ந்துட்டோம். கர்பியூக்கு முந்தியே வீட்டுக்குள்ள வந்தாச்சு... உங்க தம்பியா? கடையில இல்ல. நான்தான் கல்லாவுல உக்காந்திருக்கேன்... வந்துடுவாரு, எங்கிட்டயே சொல்லுங்க.

... உங்களுக்கு உடம்பு வலிக்கலியா? எனக்குத் தஞ்சோங் கிலிங் கடக்கரை மணலு இன்னும் தலையில இருந்து உதிருது. முதுகெல்லாம் எரியுது. இங்க மீனம்மா எந்திரிச்சதுல இருந்து ஒரே பாட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமையும் அத்தைய கூட்டிக்கிட்டு கடலுக்குப் போவோம்னு. வேனுதான் வாங்கியாச்சே, இனிமே மாசத்துக்கு ஒரு தடவையாவது உங்கள வெளிய...

... என்னது? வர வேணாமா?

... ஏன் அண்ணி? அண்ணன் ஏதும் சொன்னாரா? நேத்து நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தாரு... இல்லையா... அப்ப என்ன? ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? சத்தமா சொல்லுங்க, ரோட்டுல லோரி போவுது, ஒண்ணும் கேக்கல.

... பட்டாளமா? எப்ப?... விடியறதுக்கு முந்தியேவா... ம்... ம்... ரப்பர் பால்வெட்டுக்குக் கூட ஆள விடலியா? லயத்து வீட்ட விட்டு யாருமே வெளிய வரக் கூடாதாமா... பாவம். யாரையாவது புடிச்சிட்டானா?

... புடிக்கல. அப்ப எதுக்கு...

... முனியாண்டி கோயில்லயா?

... ம்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க. கோயில்ல என்ன கிடந்துச்சாம்?

... சோறு... ம்... கருவாடு... அவிச்ச முட்டை...

அண்ணி, அது நாங்கதான்.

... நாங்கதான் வச்சோம். நேத்து வேன உள்ள விட மாட்டான்னு எஸ்டேட்டு கேட்டுப் பக்கத்துலயே உங்கள இறக்கி விட்டோம்ல, அதுக்குப் பொறவு. புது வேனு, முத ஓட்டம். முனியாண்டிய கும்பிடாம கோயில் இருக்கற அந்த ரோட்டு வளைவ எப்படித் தாண்டுறது? டயருல எலுமிச்சம்பழத்த நசுக்கி, சுருட்டு கொளுத்தி, படையல் போட்டுட்டுத்தான் வந்தோம். மிச்ச சோறு இல்ல அண்ணி, காலையிலயே எச்சி படாம தனியா எடுத்து வச்சது.

... தெரியும். காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்காரனுங்களுக்குச் சோறு போவக் கூடாதுன்னு ஒரு புடி அரிசிய கூட வெளிய கொண்டு போவ விட மாட்டாங்கன்னு தெரியும். ஆனா இது சாமி சோறுல்ல. சாமிக்கு வச்சத எவன் அந்தக் கணக்குல சேர்ப்பான்? நீங்கள்லாம் அங்க என்னதான் செய்றீங்க?... வெறும் சூடம் மட்டுமா? பொங்க வைக்கறதே இல்லையா?... எங்களுக்கு யாரு சொன்னா? டவுன்ல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்... சரி, சரி, உங்களக் குத்தம் சொல்லல.

... இருங்க, இருங்க. அந்தச் சோத்த என்ன செஞ்சாங்க? எடுத்துட்டுப் போயிட்டாங்களா?... எடுக்கலியா?... பாத்திரத்தோட அப்படியே இருக்கா?

... யாரு சொன்னா? கேட்டுல நிக்கிற போலீஸ்காரனா... பட்டாளத்துக்காரனுங்க எங்க படுத்திருக்காங்க?... பால் வெட்டுற கித்தா மரத்துக்குப் பின்னால... எடுக்க எவன் வர்றான்னு... ம்... வர்றவன நிறுத்திக் கேக்க மாட்டாங்களா? யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்காமயா சுடுவாங்க?

... அண்ணி, நல்லா கேளுங்க. அவரு அங்கதான் வந்துக்கிட்டு இருக்காரு.

... உங்க தம்பிதான், வேற யாரு. அந்தப் பாத்திரத்த எடுக்கத்தான்... எங்கம்மா சீரா குடுத்த பித்தளை தூக்கு அண்ணி. சாமி சோத்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, பாத்திரத்த நாளைக்கு எடுத்துக்கலாம்னு அவருதான் சொன்னாரு. நான் காலையில சும்மா இருந்திருக்கலாம். எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான், போயி எடுத்துட்டு வாங்கன்னு நச்சரிச்சு அனுப்பினேன்... கடை தொறக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. இந்நேரம் மெர்லிமாவ் தாண்டியிருப்பாரு.

... அதுல பேரு வெட்டியிருக்கு அண்ணி. கோமளான்னு மூடியிலயே வெட்டியிருக்கு. அதப் பார்த்தா குடும்பத்துப் பாத்திரம்னு தெரியாதா?... ஆமா... ஆமா, தமிழ்லதான்... வெள்ளக்காரப் பட்டாளமா.

... அண்ணன் எங்க? அண்ணன ரோட்டுக்குப் போவச் சொல்லுங்க, வேன மறிக்கச் சொல்லுங்க... கேட்ட பூட்டிட்டானா? கிராணிய கூடவா விட மாட்டான்?... அப்ப தொரைகிட்ட சொல்லுங்க. தொரை சொன்னா பட்டாளம் கேக்கும்... ஓடுறாரா? பங்களாவுக்கா?... சரி. சரி. அங்க தனி போன் இருக்குல்ல... அப்ப நான் வைக்கல. நீங்களும் வைக்காதீங்க.

... உங்க ஆபீஸ் மேட்டுல இருந்து அந்த வளைவு தெரியும்ல? ஜன்னல்ல பாருங்க. பச்சை வேனு... இல்லையா? நல்லது. நல்லது அண்ணி. மெர்லிமாவுல டீ குடிக்க நின்னிருப்பாரு. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணப் பார்த்தா போதும், நின்னு பேச ஆரம்பிச்சிடுவாரு. என்னைக்கும் அதுக்குத்தான் நான் சண்டை போடுவேன். இன்னைக்கு நிக்கட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கட்டும்.

... என்ன? என்ன வருது?

... பச்சைதானா?... நிறுத்திட்டாரா... இறங்கிட்டாரா?

... கூப்பிடுங்க அண்ணி. ஜன்னல்ல இருந்து கத்துங்க. உங்க சத்தம் அவருக்குத் தெரியும்... தூரமா... அப்ப மணி அடிக்கச் சொல்லுங்க. காலையில ஆள் கூட்ட பெரட்டுக்கு அடிக்கற மணி இருக்குல்ல, அத அடிங்க, யாராவது அடிங்க...

அண்ணி, அது என்ன சத்தம்?

... மணி இல்ல அண்ணி அது.

... அண்ணி... அண்ணி, அழாதீங்க. என்னன்னு சொல்லிட்டு அழுங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, நான் இங்க கடையில உக்காந்திருக்கேன்... அண்ணி...

... யாரு? அண்ணனா? ஆமா, கோமளாதான். தொரைகிட்ட சொல்லிட்டீங்களா அண்ணே?... சொல்லிட்டீங்க... ம்... தொரை பட்டாளத்துக்குப் போன் போட்டாரா... ம்...

... என்ன சட்டை போட்டுக்கிட்டுப் போனாருன்னா?

... காக்கி. காக்கி சட்டை, காக்கி கால்சட்டை. எஸ்டேட்டுப் பக்கம் போனா கறை படும்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.

... ஏன் அண்ணே? அவரத்தான் உங்களுக்குத் தெரியுமே. மூஞ்சியப் பார்த்தா தெரியாதா? சட்டைய ஏன் கேக்குறீங்க?

... அண்ணே...

ஹலோ... ஹலோ...