என்ன கடைன்னு கேட்டாரு டாக்டரு

...குடிச்சா தம்பி கை இப்படி ஆடும்? டீயத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல நான்! கறம்பக்குடி கடைத்தெரு பூரா, "பழனிச்சாமி தண்ணி போட ஆரம்பிச்சுட்டாரு"ன்னு பேச்சு. இந்தா பாருங்க, மருந்து டப்பாவ எடுத்தா கை கம்முனு இருக்குல்ல? மடியில சும்மா வச்சா, கட்டவெரல் தானா பீடி உருட்டுது. குடிகாரனுக்கு அப்படியா ஆடும்?

ஒக்காருங்க, நெல்லு தண்டுப்புழுவுக்குத்தானே? தாரேன்.

எம் பொஞ்சாதி செவந்தி விடல, தஞ்சாவூருக்கு நரம்பு டாக்டருட்ட இழுத்துட்டுப் போயிட்டா. நடக்கச் சொன்னாரு, வெரலத் தட்டச் சொன்னாரு, அப்புறம் "வாசன தெரியுதா?"ன்னாரு. கை ஆடுதுன்னு போனா மூக்க விசாரிக்கிறாரு! வாசன போயி வருசக்கணக்காச்சுங்க. அதுவும் நல்லதுக்குத்தான்னு இருந்தேன். இந்தக் கடை நெடிக்குள்ள பின்ன எப்படி ஒக்கார்றது?

பார்க்கின்சனாம். மூளைக்கு நடுவுல கொஞ்சூண்டு எடத்துல செல்லு இருக்காம், அது டோபமின்னு ஒண்ணச் சொரக்குமாம். அது இருந்தாத்தான் கைகாலு சொன்னபடி கேக்குமாம். அந்தச் செல்லு செத்துக்கிட்டே வருதாம். கை ஆடி நமக்குத் தெரியறதுக்குள்ளயே நெறையாக் காலியாம்! ஏங்க சாகுதுன்னேன். உள்ள ஏதோ புரதம் கோணலா மடிஞ்சு கட்டிகட்டியாச் சேருதாம். அது ஏன் சேருதுன்னேன். அங்கதான் இழுக்குறாரு... வயசுங்குறாரு, சிலபேருக்கு வம்சத்துல வருங்குறாரு, நெறையப் பேருக்கு இன்னதுன்னு சொல்ல முடியாதுங்குறாரு. இதுக்கு அம்புட்டுப் படிப்பா?

சரி, என்ன தொழில்னாரு. "மருந்துக்கடைங்க"ன்னா செவந்தி. மனுசனுக்குச் சந்தோசம்! "அப்ப மாத்திரைய நேரத்துக்குப் போட்டுக்குவீங்க"ன்னாரு. இவ சும்மா இருக்கலாம்ல? "அது இல்லைங்க... பூச்சிமருந்து"ன்னுட்டா. பேனாவக் கீழ வச்சுட்டாரு. கையில படுமா, மூஞ்சில தெறிக்குமா, ஒரே கேள்வி. "சில பூச்சிமருந்து, களைக்கொல்லியெல்லாம் அந்தச் செல்லுகளத் தாக்கும். ஒங்களுக்கு அதுனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா..."ன்னு நிறுத்திட்டாரு. ஆனான்னா என்ன தம்பி அர்த்தம்?

ஒங்க அப்பாவக் கேட்டுப் பாருங்க. மருந்த வாளியில ஊத்தி, இந்த வெறுங்கைய விட்டுக் கலக்கிக் காட்டுவேன். "பாருங்க, எனக்கு என்ன ஆயிப்போச்சு?"ம்பேன். அப்பறந்தான் ஆளுக வாங்குவாங்க. அது ஒரு தெறமைங்க!

நான் நம்பல. எல்லாஞ் சும்மா பயமுறுத்துறது.

யாரு, எம் மக இளமதியா? ஆமா, வந்திருக்கா. மாசமா இருக்கா. நேத்து சோத்துத்தூக்கோட வந்தா... உள்ள விடல. ரோட்டுலயே நிறுத்தி நாம்போயி வாங்கிக்கிட்டேன். இப்பெல்லாம் கொல்லையில குளிச்சு, சட்டைய மாத்திட்டுத்தான் வீட்டுக்குள்ள போறது. "ஏம்ப்பா?"ன்னா. தூசி ஆத்தா, ஒனக்கு ஒத்துக்காதுன்னேன். வெயிலுன்னு பாக்காம நின்னு என் கையவே பாத்துக்கிட்டு இருந்தா. "அப்ப ஒங்களுக்கு மட்டும் ஒத்துக்குமா?"ன்னா. யாவாரம் பாக்கணும், போ ஆத்தான்னுட்டேன்.

அத விடுங்க. ஏக்கருக்கு அளவு சொல்றேன்...

என்னது... கிளவுஸா? நம்ம கடையிலயா? அதெல்லாம் வைக்கிறதில்லைங்க, யாரும் கேட்டதில்ல. எதுத்தாப்புல மெடிக்கல்ல இருக்கும்.

ஏந்தம்பி, மருந்த எடுக்காமப் போறீங்க? தம்பி...! சரி, கிளவுஸ வாங்கிட்டு வாங்க.

எனக்கும் ஒரு சோடி.