மாப்பிள்ளை இடுப்புல மடக்குக் கத்தி

…கத்தி எவ்வளவு நீளம் இருக்கலாம்னு ஒரு ஆளாச்சும் ஒழுங்கா சொன்னாத்தானேங்க. ஒருத்தரு விரலக் காட்டுறாரு, ஒருத்தரு சாண் போட்டுக் காட்டுறாரு. சட்டம்னா ஒண்ணு தானே இருக்கணும். ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக் குடுக்க அது என்ன கோயில் சக்கரப் பொங்கலா.

இல்லைங்க தங்கச்சி, நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. எனக்குப் பஸ்ஸுக் காத்து ஒத்துக்காது.

கத்தி எதுக்குன்னா கேக்குறீங்க? எங்க அண்ணன் மகன் தினேசுக்குப் போன வாரம் கல்யாணம். நான் ஒரே அத்தைக்காரி. விஜயலெட்சுமி அத்தைன்னா எங்க தேயிலைத் தோட்டத்துல தெரியாத லயத்து வீடு கெடையாது. மாப்பிள்ளைக்கு நலுங்கு வச்ச பொறவு, தாலி கட்டுற வரைக்கும் இடுப்புல இரும்பு இருக்கணும்ல, காத்து கருப்பு அண்டாம. வழக்கமா பாக்குவெட்டி தான் சொருகுவோம். இவன் என்னான்னா, "அத்தை, இத வச்சுக்கிட்டு ஜீன்ஸ் போட முடியாது, ஒக்காந்தா குத்துது"ன்னான். அதுவும் சரி தான். வேட்டிக்குன்னு செஞ்ச ஏற்பாடு ஜீன்சுக்குச் சரிவருமா.

அதனால பதுளையில வாஹித் மொதலாளி கடையில ஒரு மடக்குக் கத்தி வாங்குனேன். பொடிசு. கொய்யாப்பழம் வெட்டலாம், அதுவும் நல்லா பழுத்திருந்தா. "மொதலாளி, இத வச்சுக்கிட்டுப் போனா பொலிஸ்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களே"ன்னு அப்பவே கேட்டேன். "விரல் நீளத்துக்குள்ள இருந்தா பயமில்ல"ன்னாரு. யாரு விரலுன்னு கேட்டிருக்கணும், விட்டுட்டேன். என் விரலு கொழுந்து எடுத்து எடுத்துத் தேஞ்ச விரலு. பொறவு எங்கள மறிச்ச பொலிஸ் சார்ஜன் விரலு வேற மாதிரி.

கல்யாணத்துக்கு மொத நாளு கோட்டுக்குப் பொத்தான் பூட்ட வரல. வயித்துக்கிட்ட இறுக்கிப் புடிக்குது. தையக்கடைக்குத் திரும்பக் கொண்டு போனோம், நானும் அவனும் ஆட்டோவுல. டவுனுக்குள்ள நொழையிற எடத்துல பொலிஸ் மறிச்சுச்சு. கத்தியப் பாத்தாங்க, மாப்பிள்ளைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

மஞ்சப் பூசுன மூஞ்சியோட அவன் பெஞ்சுல ஒக்காந்திருக்கான். பக்கத்துல கசிப்புச் சாராயக் கேசுல புடிச்ச ஒருத்தரு, "தம்பி, மஞ்சக்காமாலையா, கீழ்க்காய் நெல்லி குடி"ன்னு வைத்தியம் சொல்றாரு. அது வேற.

எனக்கு சிங்களம் கொஞ்சம் கொஞ்சம் தான் வரும். கல்யாணத்துக்கு "மகுல"ன்னு தானே சொல்லுவாங்க? நான் சார்ஜன் மூஞ்சிக்கு நேரா கைய ஆட்டி, "மகுல, மகுல"ன்னு சொல்றேன். அந்த ஆளு மூஞ்சி செவந்து போச்சு. கோவத்துல ஏசுறதுக்கும் அதே சொல்லு தானாம். எனக்கு எப்படிங்க தெரியும்.

சரி, என்ன குத்தம்னாச்சும் சொல்லுங்கன்னு கேட்டேன். சார்ஜன், நீளம் கூடன்னாரு. மேசைக்குப் பின்னாடி இருந்த எளவட்டப் பொலிஸ்காரரு, நீளம் இல்ல, முனை கூரா இருக்குன்னாரு. வெளிய வந்து கோர்ட்டுப் பக்கம் ஒரு லோயர் ஐயாவக் கேட்டேன். "நீளமும் இல்ல, முனையும் இல்லம்மா. காரணம் தான். நியாயமான காரணம் இருந்தா வச்சுக்கலாம்"ன்னாரு. பேய் நியாயமான காரணமாங்கய்யான்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, தொடைச்சாரு, அப்பிடியே உள்ள போயிட்டாரு.

எங்க தோட்டத்துல தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டப் போற ஆம்பளைங்க முழங்கை நீளத்துக்குக் கத்திய வச்சுக்கிட்டு நடு ரோட்டுல போறாங்க. பொலிஸ் ஜீப்பு ஹோர்ன் அடிச்சிட்டு ஒதுங்கிப் போவுது. கொய்யாப்பழக் கத்தி தான் இவங்க கண்ணுக்குப் படுது.

சிரிக்கிறீங்க. அன்னைக்கு இது சிரிப்புக் கதையா இல்லைங்க. பொண்ணு வீடு நமுனுகுலயில. இங்க "மாப்பிள்ளைய கத்தியோட புடிச்சாங்க"ன்னு கெளம்புன பேச்சு, மலை ஏறுறதுக்குள்ள "மாப்பிள்ளை யாரையோ குத்திட்டாரு"ன்னு ஆயிருச்சு. பொண்ணோட அப்பா தினேசுக்குப் போன் எடுத்து, "கல்யாணத்த நிப்பாட்டிரவா"ன்னு கேக்குறாரு. தினேசு அழுதுட்டான். அப்ப கல்யாணப் பொண்ணு, அப்பா கையில இருந்து போன வாங்கி, "யாரக் குத்துனீங்க"ன்னுச்சு. "யாரையும் இல்ல, அது பேய்க்கு"ன்னான். பொறவு, "சரி, நாளைக்கு வாங்க. பேய் வந்தா நான் பாத்துக்கிறேன்"னுச்சு. அங்கேயே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுக்கு ஏத்த மருமக தான்னு.

பொழுது சாயிற நேரம் பெரியவரு வந்தாரு, ஸ்டேசனுக்குப் பொறுப்பான ஓ.ஐ.சி. தமிழ் நல்லா தெரியும் அவருக்கு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "கத்தி இங்க இருக்கட்டும், பொடியன கூட்டிட்டுப் போங்க"ன்னாரு. எந்திரிச்சு வரலாம் தான். ஆனா இரும்பு இல்லாம எப்படிங்க மாப்பிள்ளைய வெளிய கூட்டிட்டு வாறது, அதுவும் பொழுது சாயிறப்ப. நான் அப்பிடியே பெஞ்சுல ஒக்காந்துட்டேன். மாட்டேன்னுட்டேன். அவரு என்னையப் பாத்தாரு, தினேசு மூஞ்சியப் பாத்தாரு. மேசை லாச்சியத் தொறந்து ஒரு பழைய பூட்ட எடுத்து வச்சாரு. "இதுவும் இரும்பு தானே அம்மா."

நம்புங்க, பொலிஸ் பூட்ட இடுப்புல வச்சுக்கிட்டுத் தான் எங்க புள்ள மணவறையில ஒக்காந்தான். பொண்ணோட அம்மா என் காதுகிட்ட வந்து, "சாவி எங்க"ன்னு கேட்டாங்க. பொலிஸ்ல இருக்குன்னேன்.

இன்னைக்குப் போயி பூட்டக் குடுத்துட்டு, கத்திய வாங்கிட்டு வாறேன். ஆமா, இந்தப் பையில தான் இருக்கு. ஏன் தள்ளி ஒக்காருறீங்க, மடக்கித் தானே இருக்கு.

சார்ஜன் எப்படிக் கண்டுபுடிச்சாரா? அவரு எங்கங்க கண்டுபுடிச்சாரு. லைசன்ஸ வாங்கிப் பாத்துட்டு, போன்னு கையக் காட்டிட்டாரு. ஆட்டோ கெளம்பிருச்சு. நான் தான் நிப்பாட்டச் சொன்னேன். சட்டம் தெரிஞ்ச ஆளு கண்ணு முன்னால நிக்கிறாரு, ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லது தானே. தினேசு இடுப்புல இருந்து கத்திய எடுத்து, தொறந்து, அவரு கையிலயே குடுத்து, "சார், இந்த நீளம் பரவாயில்லையா"ன்னு கேட்டேன். தெரியாதத கேட்டுத் தெரிஞ்சுக்கிறதுல என்னங்க தப்பு. தினேசு இன்னும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசமாட்டேங்குறான்.

பசறை வந்திருச்சு போல. முன்னுக்கு ஏறுறது காக்கிச் சட்டை தானே? ஆமா, பொலிஸ் தம்பி தான், நல்ல மொகமா இருக்கு. கொஞ்சம் இருங்க, பஸ்ஸுக்குள்ள கொண்டு போறதுக்கு என்ன சட்டம்னு கேட்டுட்டு வந்துர்றேன். ஏங்க கையப் புடிக்கிறீங்க, கேக்குறது தானே. தம்பி… சிங்களத்துல மல்லி தானே… மல்லி, இங்க ஒரு நிமிசம்…

நீங்க எங்க எந்திரிக்கிறீங்க, இது பசறை தானே? தங்கச்சி, உங்களத் தான். லுணுகலைக்குத் தானே டிக்கட்டு எடுத்தீங்க…