வக்கீல் வீட்டு டம்ளர்

ஹலோ... ஹலோ, ஹெட்மாஸ்டர் ரூமா? மயிலாப்பூர்லேர்ந்து பத்திரிகை ஆசிரியர் சங்கரன் பேசறேன். தமிழ் வாத்தியார் பவுல்சாமியைக் கொஞ்சம் கூப்பிடணும்... ஆமாம், தொடர்கதை எழுதறாரே, அவர்தான்... இருக்கேன், இருக்கேன்.

பவுல்சாமியா? நமஸ்காரம். கடைசி அத்தியாயம் வந்து சேர்ந்தது... ஆமாம், ஆமாம், படிச்சுட்டேன். ஜானுவும் படிச்சா. என் ஆத்துக்காரி ஒரு கதைக்கு அழுது நான் பார்த்ததே இல்லை. தபால்கார யாகப்பன் மழையில நனைஞ்சுண்டே வந்து, பர்மா யுத்தத்தில தொலைஞ்ச அவர் பிள்ளை உயிரோட இருக்கான்னு வக்கீல்கிட்ட லெட்டர் குடுக்கறான் பாருங்கோ, அங்கேயே புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுண்டா.

அதிலேதான் ஒரு சின்ன விஷயம். பதினோரு மணிக்கு மெஷின்ல ஏத்தணும்னு அச்சாபீஸ் ஃபோர்மேன் அப்துல் வஹீத் எங்காத்து வாசல்லயே வந்து நிக்கறார்... இல்லை, இல்லை, நீளம் சரியாத்தான் இருக்கு. யுத்தத்தால வந்த பேப்பர் கன்ட்ரோலுக்காக என் தலையங்கத்தையே வெட்டினேன், உங்க தொடர்ல கை வெச்சேனா?... சொல்றேன், கேளுங்கோ. வக்கீல் சந்தோஷத்தில அவனுக்குக் காபி குடுக்கறார். எதில? அதே நசுங்கின பித்தளை டம்ளர். கிறிஸ்தவன், வேதக்காரனுக்குன்னு ஜன்னல்ல தனியாக் கவுத்து வெச்சிருக்குமே, அது. பிள்ளை பிழைச்ச அன்னிக்குக்கூடவா?... ஆமாம்... ஆமாம், சின்ன ஊர், அப்படித்தான் இருக்கும். ஆனா வக்கீல் நல்லவர் இல்லையா? கதர் கட்டறார், ஜெயிலுக்குப் போனவர். அன்னிக்கு ஒருநாள் வெள்ளி டம்ளரை எடுத்தா என்ன?

டம்ளர் ஒரு குறியீடுன்னு எனக்குப் புரியாம இல்லை. அந்த நசுங்கல் நம்ம சமூகத்தோட நசுங்கல். போன வாரத் தலையங்கத்தில நானே...

என்னது?... குறியீடு இல்லையா? பின்னே?

...

எங்காத்து டம்ளரா?

...ஆமாம், முதல் அத்தியாயம் எடுத்துண்டு வந்தேள்... ஆமாம், வாசல் ரூம்ல. நான் கவனிக்கலையே... குடிச்சுட்டு நீங்களே அலம்பிக் கவுத்தேளா? யார் சொன்னா?... ஜானுவா? ஓ.

...ஆமாம். இங்கேர்ந்தே தெரியறது. ஜன்னல்லதான் இருக்கு.

வெக்கமா இருக்கு, பவுல்சாமி... இல்லை, நீங்க கோபமாச் சொல்லலை. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

சரி, ஒண்ணு கேக்கறேன். வக்கீல் எப்போ டம்ளரை மாத்துவார்?... அப்படி ஒரு வீட்டைப் பார்த்தா எழுதுவேளா? அப்போ பார்த்துடுங்கோ. இன்னிக்கு சாயங்காலம் நம்மாத்துக்கு வாங்கோ. கூடத்தில என் பக்கத்தில உட்கார்ந்து, வெள்ளி டம்ளர்ல காபி குடிக்கறேள். அங்கேயே அத்தியாயத்தை மாத்திக் குடுங்கோ. மெஷினை நான் நிறுத்தி வெக்கறேன்... நிஜமாத்தான். ஒரு நிமிஷம்.

ஜானு, சாயங்காலம் பவுல்சாமி காபிக்கு வரார். கூடத்திலேயே...

...

நேத்திக்கு அந்த யாகப்பனுக்காக அழுதது நீதானே?

...

சரி. சரி, கத்தாதே.

பவுல்சாமி, இருக்கேளா?... இன்னிக்கு ஆத்துல சௌகரியப்படாது போலிருக்கு. ஆபீசுக்கே வந்துடுங்கோளேன். பக்கத்து ஓட்டல்லேர்ந்து நல்ல காபியா வரவழைக்கறேன்... ஆமாம்... ஆமாம்.

...அத்தியாயமா?

மாத்த வேண்டாம். நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கு. ஃபோனை வெச்சுடறேன்.