கணினிக்குள் ஒரு கணினியைக் குடிவைத்த அண்ணனுக்கு

கம்பிக் காட்டின் காவலரே, கடமையில் கண்ணயராக் கண்ணியரே, பழுதென்று கேட்டால் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிப் பறந்து வரும் பண்பாளரே, இம்மருத்துவமனையின் சுவர்களுக்குள் எந்தக் கம்பி எங்கே ஓடுகிறதென்று அந்தச் சுவர்களை விட நன்றாக அறிந்த எங்கள் வலை அண்ணனே, வணங்குகிறோம்.

மடல் எழுதப் பேனாவைத் திறந்தால் மை வருமுன் கண்ணீர் வந்தது என்றுதான் தொடங்க வேண்டும். அப்படிச் சொன்னால், "நீ பேனாவைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று நீங்களே கேட்பீர்கள். ஆகவே, கணினியில்தான் தட்டினோம். கண்ணீர் மட்டும் உண்மை.

அண்ணனின் பணி நிறைவு விழாவுக்கு வந்திருக்கும் அவையோரே, அவரைப் பற்றி அவர் முன்னாலேயே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

அண்ணன் வருமுன், இங்கே கணினியோ பிரிண்டரோ படுத்துவிட்டால் அதை அறிவிக்கும் ஒரே கருவி தொண்டைதான். மேல்மாடியிலிருந்து செவிலியர் கத்துவார், கீழ்த்தளத்திலிருந்து ஆய்வகத்தார் பதிலுக்குக் கத்துவார். அந்தக் கூச்சலில் நோயாளிகள் பாதிப்பேர் பிழைத்தால் போதுமென்று குணமாகி ஓடினார்கள் என்பது மருத்துவ உலகம் இன்றுவரை மறைத்து வைத்திருக்கும் உண்மை.

வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளை விலைக்கு வாங்க மேலிடம் கைவிரித்தது. அண்ணன் கவலைப்படவில்லை. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, உலகத்தார் எவரும் எடுத்துக்கொள்ளலாமென்று திறந்து வைத்த மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை வைக்கத் தனிக் கணினி இல்லை. அதனால் என்ன? எங்கள் பெரிய சர்வருக்குள்ளேயே சுவரில்லாத ஓர் அறை தடுத்து, அதற்குள் மெய்நிகர் கணினி ஒன்றை உண்டாக்கி, மென்பொருளை அதிலே குடியேற்றினார். அது ஒவ்வொரு கருவியையும் ஓயாமல் "இருக்கியா, இருக்கியா" என்று கேட்கும். பதில் வந்தால் கூடத்துச் சுவரிலுள்ள திரையில் பச்சை விளக்கு. வராவிட்டால் சிவப்பு விளக்கு, கூடவே அண்ணன் சட்டைப்பையில் போன் அலறும்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் எங்களிடம் பேசியதுமில்லை. ஆனால் வீட்டில் போன் அலறும்போதெல்லாம் அண்ணி அடுப்படியிலிருந்தே சொல்வார்.

"ஏங்க, உங்க புள்ள அழுவுது. என்னன்னு போய்ப் பாருங்க."

"புள்ளையா இது? பிசாசு."

"நீங்க பெத்தது வேற எப்படி இருக்கும்?"

இவ்வளவு கெட்டிக்காரரான அண்ணன் ஒரு பிழை செய்தார். காவல்காரனை, அவன் காக்க வேண்டிய வீட்டின் வயிற்றுக்குள்ளேயே குடிவைத்துவிட்டார். ஒரு விடுமுறை நாளில் பெரிய சர்வர் செத்தது. அதற்குள்ளிருந்த காவல்காரனும் கூடவே செத்தான். அலற ஆளில்லை. சுவர்த்திரையோ கடைசியாகப் பார்த்த பச்சை விளக்குகளோடு அப்படியே உறைந்து நின்றது. பரிசோதனை முடிவுகள் வார்டுக்கு வரவில்லை. செவிலியர் ஆய்வகத்தைத் திட்டினார்கள், ஆய்வகத்தார் செவிலியரைத் திட்டினார்கள். சண்டைக்கு நடுவிலும் எல்லோரும் திரையை நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு, மெஷின் மேல தப்பில்ல" என்று தீர்ப்பு எழுதினோம்.

அன்று பழுதைக் கண்டுபிடித்தது அண்ணி.

"ஏங்க, காலையிலேருந்து புள்ள ஒரு தடவகூட அழுவலியே."

"தூங்கட்டும் விடு. எனக்கும் லீவு."

"அது அப்படித் தூங்குற புள்ளையில்ல. உடம்புக்கு முடியலையோ என்னமோ. எந்திரிச்சுப் போங்க."

அண்ணன் வந்தார், பார்த்தார், சர்வரை எழுப்பினார். பிறகு பண்டகசாலையில் கழித்துக்கட்டியிருந்த கணினி ஒன்றை மன்றாடி வாங்கி, கட்டடத்தின் மறுகோடியில் வைத்து, அதற்குள் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கிக் காவல்காரனை இடம் மாற்றினார். அதற்கப்புறம் அந்தப் பிழை நேரவே இல்லை.

சென்ற ஆண்டு அண்ணி போய்விட்டார். அண்ணன் வீட்டு முன்னறையில் நாங்கள் அனைவரும் மாலையோடு நின்றிருந்தபோது அண்ணனின் போன் அலறியது. மருந்தகத்துப் பிரிண்டர். அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு குரலும் வரவில்லை. போனைச் சட்டைப்பையில் வைத்து, அழும்வரை அழட்டுமென்று விட்டுவிட்டார்.

விடுப்பு முடியுமுன்பே வேலைக்கு வந்தார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. போன மாதம் மேலாளர் அம்மையாரின் அறையில் அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"ரிட்டயர் ஆனப்புறமும் அந்த அலாரம் மட்டும் என் போனுக்கு வந்துட்டு இருக்கட்டும்மா. நான் எதையும் தொடமாட்டேன். வீட்டுல சத்தம்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

அம்மையார் சொன்னார்: "அண்ணே, வேற எதுனாலும் கேளுங்க. நோயாளிங்க விவரம் ஓடுற வலை இது. வெளியாளு போனுக்கு எதுவும் போகக்கூடாது. இந்த விதியை எழுதினதே நீங்கதானே."

"ஆமா. நல்லாத்தான் எழுதியிருக்கேன்," என்றார் அண்ணன்.

இன்று காலை அந்த வேலையும் முடிந்தது. அலாரம் போக வேண்டிய எண்களிலிருந்து தம் எண்ணை நீக்கிவிட்டு, அவர் இடத்தில் பொறுப்பேற்கும் எங்கள் வலைத் தங்கையின் எண்ணைச் சேர்க்க வேண்டும். "அண்ணே, நான் எடுத்துடட்டுமா?" என்று தங்கை கேட்டார். "வேணாம்மா. நான் வச்சது." நீக்குவது உறுதிதானா என்று திரை கேட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, அழுத்தினார். சரிபார்க்க ஒரு கம்பியைப் பிடுங்கினோம். தங்கையின் போன் அலறியது. அண்ணனின் கையும் சட்டைப்பைக்குப் போனது. போன கை அங்கேயே இருந்தது.

"அழுதா உடனே போயிடும்மா," என்றார். "அழலைன்னா, அதுக்கும் முன்னாடி போ."

அண்ணனே, விதியின்படி எங்கள் வலையிலிருந்து உங்களை விடுவித்துவிட்டோம். எங்களிடம் ஒரு குறை உண்டு, அதையும் இம்மடலிலேயே எழுதிவிடுகிறோம். ஏதாவது கெட்டுப்போனால்தான் உங்களை அழைப்போம். நலமாயிருந்த நாளில் ஒருவரும் அழைத்ததில்லை. காரணமில்லாமல் ஒருவரை அழைத்து என்ன பேசுவதென்று எங்களுக்குத் தெரியாது. நாளை முதல் பழகிக்கொள்ளப் போகிறோம். முதலில் தடுமாறுவோம், "சாப்பிட்டீங்களா" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்போம், நீங்கள் எரிச்சலோடு வைத்துவிடுவீர்கள். வையுங்கள். ஆனால் எடுங்கள். எடுக்காத அன்று, திரையில் என்ன நிறம் தெரிந்தாலும், எங்களில் ஒருவர் உங்கள் கதவைத் தட்டுவார்.

உடல் நலமும் உள்ள நலமும் ஓங்கி, எங்களை விடவும் இந்தக் கட்டடத்தை விடவும் நெடுங்காலம் நீங்கள் வாழ்க.

இங்ஙனம்,
பகலென்றும் இரவென்றும் பாராமல் உங்களை அழைத்த
மருத்துவமனைப் பணியாளர் அனைவரும்