தனக்கே வந்த கடிதம்

புனே லோக்கல் ரயிலில், தேஹு ரோட்டில் ஏறிய அக்காவும் தம்பியும் எனக்கு எதிரே அமர்ந்தார்கள். பெட்டி நிறைந்த மராத்திப் பேச்சுக்கு நடுவே அக்கா தமிழில் சொன்ன ஒன்று என்னை நிமிர வைத்தது.

“எனக்கு நானே லெட்டர் போட்டிருக்கேன்டா. இன்னிக்குப் பதிலும் நானே எழுதணும்.”

“பைத்தியமாக்கா உனக்கு?”

“வாரத்துல மூணு நாள் சார்கிட்ட ஆடிட் வேலை, மிச்ச நாள் சொந்த ஆபீஸ். சார்கிட்ட இருந்த தாபோடி பேக்கரிக்காரர், இனிமே கணக்கை என்கிட்ட தர்றேன்னு வந்துட்டார். பழைய ஆடிட்டருக்கு, அதாவது சாருக்கு, ஆட்சேபணை உண்டான்னு லெட்டர் போட்டுக் கேக்கணும், அதான் முறை. போட்டேன்.”

“சரி.”

“சார் ஆபீஸ்ல வர்ற லெட்டரைப் பிரிச்சு பதில் அடிக்கிறதே நான்தானே!”

“அரே, அப்ப ஜாலிதான். ஆட்சேபணை இல்லன்னு அடி.”

“கையெழுத்து சாரோடது. நான் நீட்டினா படிக்காமலே போடுவார். அவ்வளவு நம்பிக்கை.”

தம்பியின் சிரிப்பு நின்றது.

“படிச்சுக் காட்டிடேன்.”

“வேலையை விட்டு அனுப்பிடுவாரே.”

“அப்புறம் ஒத்தை பேக்கரியை வச்சு ஆபீஸ் நடத்துவியா?”

“அதான்டா குழப்பம். சார் இடத்துல நான் இருந்தா, ஆட்சேபணை உண்டுன்னுதான் எழுதுவேன்.”

“உன் இடத்துல நீ இருந்தா?”

வண்டி சிவாஜி நகரை நெருங்கியது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“இன்னிக்கு வியாழக்கிழமை. வியாழக்கிழமை நான் சாரோட ஆளு. படிச்சுத்தானேடா காட்டணும்?”