பாதிப் பாட்டு

— துணியைக் கீழ வைங்க மேடம். இதுக்கு மேல தொடச்சா பெட்டிக் கண்ணாடி தேஞ்சிடும். வந்ததுலேர்ந்து அதே இடத்தைத்தான் தொடைக்கிறீங்க.

— நீங்க உங்க வேலையைப் பாருங்க, மெக்கானிக்.

— என் வேலை முடிஞ்ச மாதிரிதான். இந்த டார்ச்சைப் புடிங்க. உள்ள வரிசையா சின்னச் சின்னக் கம்பி தெரியுதா? ஒரு பாட்டுக்கு ஒரு கம்பி. வெளிய பட்டனை அமுக்கினா அந்தக் கம்பி உள்ள போயிடும். பாட்டு முழுசா ஓடி முடிஞ்சாத்தான் திரும்ப வெளிய வரும்.

— நடுவுல கரண்ட் போயிட்டா?

— அப்படியே நிக்கும். வருஷக்கணக்கானாலும் நிக்கும். காசு போட்டாப் பாடற இந்த மாதிரி ஜூக்பாக்ஸுக்கு அதுதான் குணம், கேட்ட பாட்டை மறக்கவே மறக்காது. இப்ப பாருங்க, ஒரே ஒரு கம்பி உள்ள போயிருக்கு. முள்ளு இசைத்தட்டு மேல பாதியில உக்காந்திருக்கு. எவனோ காசு போட்டுக் கேட்டிருக்கான், பாவம், பாதியில நின்னுடுச்சு.

— எவனோ இல்ல. என் தம்பி.

— என்ன மேடம் சொல்றீங்க?

— சுருட்டைன்னு கூப்பிடுவோம், தலைமுடி அப்படி. இந்தப் பெட்டி எங்கப்பா ஓட்டல்ல இருந்தது. அன்னிக்குக் கடையைச் சாத்திட்டு வாடான்னு அவன்கிட்ட சொல்லிட்டு நாங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டோம். காணோமேன்னு ஓட்டலுக்குப் போன் பண்ணினேன். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் வந்துடறேன்க்கா"ன்னான். பாட்டு போன்லயே கேட்டுச்சு. அப்பப் போச்சு கரண்ட், தெரு முழுக்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, வரல. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஓடினோம். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. ஒடச்சுத்தான் உள்ள போனோம். பெட்டிக்கு முன்னாடி ஸ்டூல், பக்கத்துல அவன் செருப்பு. தொட்டுப் பாத்தேன், ஸ்டூல் சூடா இருந்தது. ஆள் இல்ல.

— ஜன்னல் வழியா போயிருப்பானோ?

— எல்லாத்துலயும் கம்பி போட்டிருந்தது. செருப்பையும் விட்டுட்டு எங்க போவான்? அம்மா இருந்த வரைக்கும் தினம் ஒரு தட்டுச் சோத்தை மூடி வைப்பாங்க. பாட்டு முடிஞ்சா வந்துடுவான், பசியோட வருவான்னு.

— இத்தனை வருஷமா உங்களுக்குப் பெட்டி ரிப்பேர் பண்றேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே. நான் வீட்ல என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? அந்த மேடத்துக்குப் பாட்டுப் பைத்தியம், ஹால் முழுக்க ஜூக்பாக்ஸு, மனுஷன் உக்கார எடமில்லன்னு.

— பாட்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதைத் தேடித்தான் அத்தனையும் வாங்கினேன். அப்பா இதைக் கண்ணுல பாக்கப் பிடிக்காம வித்துட்டாரு, கை மாறிக் கை மாறி எங்கயோ போயிடுச்சு. இதே மாதிரி ஒண்ணு இருக்குன்னு யாராவது சொன்னாப் போதும், போய் நிப்பேன். சுருட்டை அடிப்பக்கம் ஆணியால பேரைக் கீறி வச்சிருந்தான்.

— அதான் ஒவ்வொரு பெட்டி வந்ததும் தரையில படுத்துப் படுத்துப் பாத்தீங்களா. நான் கரப்பான் தேடறீங்கன்னு நெனச்சேன்.

— இந்தத் தடவை பேர் இருந்தது.

— ம். அன்னிக்குக் கரண்ட் போனப்பவே மோட்டார் எரிஞ்சிருக்கு மேடம். கரிக்கட்டை. அதான் வாங்கினவன் எவனும் ஓட்டிப் பாக்கல. மோட்டாரை நான் சரி பண்ணிட்டேன். ஆனா ஒரு விஷயம் எனக்குப் பிடிபட மாட்டேங்குது. காலையில வெறும் ஸ்பீக்கரை மட்டும் போட்டுப் பாத்தேன். ஒரு இரைச்சல். ஒயரையெல்லாம் மாத்தினேன், போகல. கடைசியில ஸ்பீக்கரையே கழட்டிக் கீழ வச்சேன். அப்பவும் கேட்டுச்சு.

— எப்படிக் கேட்டுச்சு?

— சிரிக்கக் கூடாது. யாரோ வாயை மூடிக்கிட்டு பாட்டு முணுமுணுக்கற மாதிரி.

— அவனுக்கு எந்தப் பாட்டுலயும் வார்த்தை தெரியாது. முணுமுணுப்பான், அவ்வளவுதான்.

— வேணாம் மேடம். கையில முடியெல்லாம் நட்டுக்குது, பாருங்க.

— இதை எனக்கு வித்தவர் ஒண்ணு சொன்னாரு. சொல்லட்டுமா?

— வேணாம்னா விடவா போறீங்க. சொல்லுங்க.

— பாதியில நின்ன பாட்டு, கேட்டவனை விடாதாம். உள்ளயே வச்சுக்குமாம். திரும்ப அது ஓடி முடியற நேரத்துல பெட்டிக்கு முன்னாடி வேற ஆள் உக்காந்திருக்கணுமாம். அந்த ஆள் உள்ள போனா, உள்ள இருக்கறவன் வெளிய வருவானாம்.

— நல்லா காது குத்தியிருக்காரு. வெலையை ஏத்தறதுக்கு இவனுங்க விடற கதை இருக்கே! ஒருத்தன் என்கிட்டயே ஒரு பெட்டியைக் காட்டி, இது அரண்மனையில இருந்ததுன்னான். தொறந்து பாத்தா எலி குடும்பம் நடத்திக்கிட்டிருக்கு.

— இருக்கும்.

— சரி, நெஜம்னே வச்சுப்போம். உங்க தம்பிதானே, நீங்களே உக்காந்துடலாமே?

— நான் உள்ள போயிட்டா, வந்தவனை யார் பாக்கறது? அவனைப் பாக்கணும்னுதானே இவ்வளவும்.

— அதுவும் நியாயந்தான். அக்கான்னா அப்படித்தான் இருப்பாங்க. அதான் ஒரு தடவை உங்களை அக்கான்னு கூப்பிட்டதுக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க போல. அன்னிலேர்ந்து மேடம்தான்.

— அப்படிக் கூப்பிட ஒருத்தன் இருக்கான். மெக்கானிக், உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?

— இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா? ஒரே பொண்ணு. ரெண்டாவது படிக்குது. இன்னிக்கு சைக்கிள் வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். இந்நேரம் வாசல்ல வந்து நின்னிருப்பா.

— தெரிஞ்சிருந்தா வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

— ஏன், பொண்ணு பெத்தவன் கையில ஸ்க்ரூடிரைவர் நிக்காதா?

— நீங்க கிளம்புங்க. மீதியை நாளைக்கு யாராவது பாத்துக்கட்டும்.

— ஸ்பீக்கரையும் திரும்ப மாட்டிட்டேன், பிளக்கைச் சொருகறதுதான் மேடம் மீதி. அதுக்கு இன்னொருத்தனா? வேலையைப் பாதியில விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது. எந்தப் பெட்டியா இருந்தாலும் முன்னாடி உக்காந்து ஒரு பாட்டு முழுசாக் கேட்டுட்டுத்தான் போவேன். உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். அது தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

— அப்புறம் என்ன? அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க.

— அது அவன் ஸ்டூல். கேளுங்க, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். எதையும் மறைக்கல.

— சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். சொருகறேன். ஆங், விளக்கு வந்துடுச்சு. தட்டு சுத்துது. எப்படி விட்ட எடத்துலேர்ந்து எடுக்குது பாத்தீங்களா? ஒரு கீறல் சத்தம் இல்ல. பாட்டுக்காரன் பக்கத்துல நின்னு பாடற மாதிரி இருக்கு.

— அன்னிக்குப் போன்ல கேட்டது இந்த வரிதான். இதே வரிதான்.

— இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான். சொல்லு பாப்பா. ஆமாடா தங்கம், செவப்புதான் வாங்கணும். மணி வச்சதுதான். அழாத, இந்தப் பாட்டு முடிஞ்சதும் அப்பா வந்துடறேன்.

— மெக்கானிக்.

— என்ன மேடம், முகமே வெளுத்துப்போச்சு?

— எழுந்திரிங்க.

— இன்னும் கொஞ்சந்தான், கடைசி அடி ஓடுது. அந்த இரைச்சல் இப்பத்தான் தெளிவாக் கேக்குது, இந்தக் கண்ணாடிகிட்ட. ஸ்பீக்கர் இல்ல மேடம். யாரோ என் காதுகிட்டயே...

— எழுந்திரிங்கன்னு சொல்றேன்ல. சைக்கிள் வாங்கப் போங்க. போங்க.

— காலு மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம். கம்பி வெளிய வருது, பாருங்க.

— மெக்கானிக்?

— ...

— மெக்கானிக்.

— அக்கா. பாட்டு முடிஞ்சிடுச்சுக்கா. திட்டாத, இதோ கிளம்பிட்டேன். என் செருப்பு எங்க?

— சுருட்டை.

— நீ எப்ப இங்க வந்த? போன்லதானே பேசிக்கிட்டிருந்த? என்னது, தலையெல்லாம் வெள்ளையா இருக்கு? மாவு மூட்டையைத் தூக்கினியா?

— கிட்ட வா. கையைக் கொடு. சூடா இருக்குடா உன் கை. சூடா இருக்கு.

— இதுக்கு ஏன்க்கா அழற? ஒரு பாட்டுதானே கேட்டேன். இங்க பாரேன், திரும்ப அதே பாட்டைப் போடுது. நான் காசும் போடல, பட்டனையும் தொடல. கூடவே யாரோ முணுமுணுக்கறாங்க. பெரிய ஆள் குரல்.

— பிளக்கை உருவு.

— நல்ல பாட்டுக்கா, முடியட்டுமே.

— முடியக் கூடாது. முடிஞ்சா உன்னைத் திரும்பக் கொண்டு போயிடும். என்னால இன்னொரு தடவை முடியாது. உருவுடா.

— சரி சரி, உருவிட்டேன். கத்தாத. இது என்னக்கா, ஸ்டூல் மேல? சின்னக் கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கு. மின்னுது, அடிக்குது. உள்ள ஒரு சின்னப் பொண்ணு படம், முன்பல்லு ரெண்டும் காணோம்.

— தொடாத. அங்கயே விடு.

— விரல் பட்டுடுச்சு. பேசுதுக்கா. அப்பா எங்கன்னு கேக்குது. பாட்டு முடிஞ்சுதான்னு கேக்குது. என்ன சொல்ல?

— இன்னும் முடியலன்னு சொல்லு.