இன்னும் ஒரு சாம்பிள்

இணையத்தில் எழுதிச் சம்பாதிக்க எங்கே வேலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. முந்தாநாள் உங்கள் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குக் காவலாக நின்ற பெண் காவலர்கூட மெதுவாகக் குனிந்து கேட்டார்.

"என் பொண்ணு கவிதையா எழுதித் தள்றாக்கா. இதுக்கெல்லாம் எங்கயாச்சும் காசு குடுப்பாங்களா?"

கேட்டதில் தப்பில்லை. என் கதையும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். நடந்ததை என் வார்த்தையில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். வெள்ளைத் தாளும் கொடுத்திருக்கிறீர்கள். ஆடாத மேஜையில் உட்கார்ந்து எழுதி எத்தனையோ நாளாகிறது.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்த்தவள். பள்ளிக் கையேடு, மருந்துச் சீட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் பிழை திருத்திக் கொடுப்பேன். அச்சகத்தை மூடிவிட்டார்கள். என் கணவர் சரக்கு வண்டி ஓட்டியவர். முதுகெலும்பு பிசகிய பிறகு கட்டிலில் படுத்தபடி என்னை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இஸ்திரி போடும் மேஜையை ஜன்னலருகே இழுத்துப் போட்டு, போனை வைத்துக்கொண்டு வேலை தேடினேன்.

ஒரு நிறுவனம் முதலில் பதிவுக் கட்டணம் கேட்டது. இன்னொரு நிறுவனம் குழந்தை வளர்ப்பு பற்றிச் சாம்பிளாகக் கட்டுரைகள் கேட்டது. ஒன்று போதாது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று ஒரு புத்தகம் அளவுக்கு வாங்கிக்கொண்டு, 'உங்கள் நடை எங்களுக்குப் பொருந்தவில்லை' என்று பதில் போட்டது. கொஞ்ச நாளில் அத்தனையும் அவர்கள் பக்கத்தில் வேறு யாரோ பெயரில் வந்தன. பொருந்தாத நடை எப்படிப் பொருந்தியது என்று கேட்டேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

அன்று அழுதேன். மறுநாள் யோசித்தேன். எழுத்து வேலை கொடுப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த வேலையைத் தேடுகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். 'வீட்டிலிருந்தே எழுதலாம். முன்பணம் வேண்டாம். ஒரு சாம்பிள் போதும்.' என்னை எழுத்தக்கா என்று கூப்பிட்டார்கள். பட்டம் வாங்கிவிட்டு வீட்டோடு இருக்கிற பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், கைக்குழந்தைக்காரிகள் என்று சேர்ந்தார்கள். வந்த சாம்பிள்களில் பிழை திருத்தி, வாங்குகிற இடத்தில் என் பெயரில் விற்றேன். தேர்வாகாதவர்களுக்கு ஒருநாளும் கடுமையாகப் பதில் எழுதியதில்லை. 'அருமையான முயற்சி. இன்னும் ஒரு சாம்பிள் அனுப்பிப் பாருங்கள்' என்பேன். எனக்குக் கிடைத்ததைவிட அது மரியாதையான பதில்.

என் கணவருக்கு எல்லாம் விளையாட்டு. "எழுத்தாளரம்மா, ஒரு டீ கிடைக்குமா? இல்ல, அதுக்கும் நான் முதல்ல சாம்பிள் அனுப்பணுமா?" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுப்பார்.

அந்தக் குழுவுக்குத்தான் அவள் வந்தாள். தன் பெயருக்குப் பதிலாக 'ஜன்னலோரம்' என்று போட்டிருந்தாள்.

எல்லோருக்கும் 'என் சமையலறை' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் பாத்திரம் அடுக்குவதைப் பற்றி எழுதினார்கள். இவள் சாவியைப் பற்றி எழுதியிருந்தாள். கணவன் வெளியே பூட்டிக்கொண்டு போகிறான். திரும்பி வரும்போது சாவி முதல் தடவையிலேயே பூட்டுக்குள் நுழைந்துவிட்டால் பயமில்லை. இங்கும் அங்கும் குத்தித் தேடினால், மகளை மேஜைக்கடியில் அனுப்பிவிட்டு இவள் கதவுக்கு நேராக வந்து நின்றுகொள்கிறாள். சமையலறையின் பின்கதவுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள் உடைந்ததால் மகளின் பச்சை ரிப்பனால் கட்டி வைத்திருக்கிறாள். 'என்னைத் தடுப்பது அந்த ரிப்பன் ஒன்றுதான்' என்று முடித்திருந்தாள்.

இத்தனை காலம் மெய்ப்பு பார்த்ததில் இப்படி ஒரு பக்கம் என் கைக்கு வந்ததில்லை. திருத்த ஒன்றுமே இல்லை.

அவள் குரலிலும் செய்தி அனுப்புவாள். சத்தம் வெளியே போகாமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள்.

"அக்கா, படிச்சீங்களா? தப்பு இருந்தா திட்டாதீங்க, அவர் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள டைப் பண்ணது. செலக்ட் ஆயிடுமா? காசு எப்ப வேணா குடுங்கக்கா. எனக்கு ஒரு பேப்பர் போதும்."

அந்தப் பேப்பர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் அவள் போனில் விசாரித்திருந்தாள். சம்பாதிக்கிறாள் என்று யாராவது எழுத்தில் கொடுத்தால் மகளோடு சேர்த்துக்கொள்வதாக வார்டன் சொல்லியிருந்தார். 'இவர் எங்களுக்காக எழுதுகிறார்' என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு கையெழுத்து. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். எனக்கு அதில் செலவு எதுவும் இல்லை. இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய சாம்பிளைக் கொஞ்சம் நீட்டி, ஒரு தொடர்கதைச் செயலிக்கு அனுப்பினேன். 'தாழ்ப்பாள்' என்று பெயர் வைத்தேன். என் சொந்தக் கதைகளை வரிசையாகத் திருப்பி அனுப்பிய செயலிக்காரர் அன்றே போன் பண்ணினார். "இந்தக் கையை இத்தனை நாள் எங்கக்கா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். வாரம் ஒரு அத்தியாயம் கேட்டார்.

வாரம் ஒரு அத்தியாயம் என்றால் வாரம் ஒரு சாம்பிள். நான் தலைப்புக் கொடுப்பேன், அவள் அனுப்புவாள். 'அவன் மன்னிப்புக் கேட்ட நாள்.' 'மகள் பார்த்துவிட்ட நாள்.' ஒருமுறை தாமதமாக வந்தது. "கை வீங்கிடுச்சுக்கா, ஒத்தை விரல்ல டைப் பண்றேன்" என்றாள். அந்த ஒற்றை விரலை அத்தியாயத்தில் சேர்த்தேன். வாசகர்கள் மிகவும் உருகினார்கள்.

என் கணவரும் வாசகர்தான். படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"பாவம்டி அந்தப் பொண்ணு. சீக்கிரம் வெளிய கொண்டாந்துடு."

"கதைங்க அது."

"கதைன்னா? பாவம் இல்லையா?"

அவருடைய மாத்திரைகளும் முதுகுக்குப் பிடிமானம் கொடுக்கும் பட்டையும் அந்தக் கதையிலிருந்துதான் வந்தன. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் இரக்கமில்லாதவள் அல்ல. ஒருநாள் அந்தப் பேப்பரை உட்கார்ந்து டைப் செய்தேன். அனுப்பும் முன் விடுதி அறையை நினைத்துப் பார்த்தேன். சுத்தமான அறை, இரண்டு கட்டில், மாடத்தில் மகளின் புத்தகங்கள். அங்கே போன பிறகு அவள் எதை எழுதுவாள்? அழித்துவிட்டேன். எழுத்தில் அவளுக்கு ஒரு வளர்ச்சி இருந்தது. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

அவள் ஒரே ஒருமுறைதான் என்னைக் கேட்டாள்.

"இது எத்தனையாவது சாம்பிள்னே மறந்துடுச்சுக்கா. எனக்கு எழுத வரலைன்னா நேராச் சொல்லிடுங்க. மனசைத் தேத்திக்கறேன்."

"உனக்கு வரும் கண்ணு. இன்னும் கொஞ்சம் ஆழமா போ" என்றேன்.

பிறகு செயலிக்காரர் ஒரு சிக்கல் சொன்னார். "அடிக்கிறான், அழுறா, அடிக்கிறான், அழுறா. ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சுக்கா. அவ கதவைத் திறக்கணும். இந்த வாரமே. இல்லன்னா மூட்டை கட்டிரலாம்." கட்டிலைப் பார்த்தேன். கணவர் அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "பட்டப்பகல்ல கதவைத் திறந்துட்டு வெளிய போறா. அதுதான் கடைசி சாம்பிள். இது நல்லா வந்தா பேப்பர் உன் கையில."

"நான் அப்படிப் போனதே இல்லையேக்கா. எப்படி இருக்கும்னே தெரியாதே. கற்பனை பண்ணி எழுதிடவா?"

"கற்பனை பண்ணினா உன் எழுத்துல உயிர் இருக்காது. அது உனக்கே தெரியும்."

அடுத்து வந்த செய்தியில் வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்தான் இருந்தது. கடைசியில், "சரிக்கா" என்றாள்.

போ என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் அப்படித்தான் புரிந்துகொள்வாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மதியம் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். துண்டு துண்டாக வர ஆரம்பித்தது.

'ரிப்பனை அவிழ்க்கிறாள். முடிச்சு இறுகியிருக்கிறது.'

'பையில் மகளின் சட்டைகளை வைக்கிறாள். பிறப்புச் சான்றிதழையும் வைக்கிறாள்.'

'குழாயை மூடவில்லை. சத்தம் கேட்டால் உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள்வான்.'

'மாடிப்படியில் வெயில். கைப்பிடிக் கம்பி இவ்வளவு சுடும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.'

கம்பி சுட்ட இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.

'அக்கா வண்டி சத்தம் கேக்குது. சீக்கிரம் வந்துட்டார். கேட் கிட்ட நிக்கறார். மேல பாத்துட்டார்க்கா. என்ன பண்றது.'

நீங்கள் விசாரித்தபோது, அதையும் கதை என்றே நினைத்தேன் என்று சொன்னேன். அது சரியல்ல. என் தொடரில் அந்தப் பெண்ணுக்கு அக்கா கிடையாது. அந்தச் சொல்லைப் பார்த்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. 'ஏதாவது ஆனா இவங்களுக்குச் சொல்லுங்கக்கா' என்று எப்போதோ கொடுத்து வைத்திருந்தாள். போன் கையிலேயே இருந்தது. யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

கூப்பிட்டிருந்தால் அவள் எழுதுவதை நிறுத்தியிருப்பாள்.

'ரொம்ப நல்லா வருது. தொடர்ந்து எழுது' என்று அனுப்பினேன். அவள் படித்ததற்கு அடையாளமாக இரண்டு டிக்கும் நீலமாயின. கடைசியாக அவள் படித்தது ஒரு பாராட்டு என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

அதன் பிறகு ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சில்லை. தூரத்தில் குழாய்ச் சத்தம் மட்டும். மீதியை நானே எழுதிச் சேர்த்து, அத்தியாயத்தைச் செயலிக்கு அனுப்பினேன். படியிலிருந்து அவன் தள்ளிவிடுவதாக எழுதினேன். நான் ஊகித்து எழுதியது அப்படியே நடந்திருக்கிறது என்று பிறகு உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். என் எழுத்தில் உயிர் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவன் வீட்டிலேயே இல்லை என்றும், துணி காயப்போடப் போனவள் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நீங்களும் நம்பியிருந்தீர்கள். கீழ்வீட்டு அம்மா என் வாசகி. அன்று திறந்து கிடந்த குழாய்த் தண்ணீர் படிவழியாக அவர் வாசல்வரை வந்ததை அவர் பார்த்திருந்தார். படியில் கிடந்த பச்சை ரிப்பனையும் பார்த்திருந்தார். அத்தியாயத்தில் இரண்டையும் படித்துவிட்டுத்தான் உங்களிடம் ஓடி வந்திருக்கிறார். ஆகவே அவனைப் பிடித்துக் கொடுத்தது என் எழுத்து. வழக்கில் அது எங்காவது இடம்பெற வேண்டும்.

நீங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. "அந்தப் பொண்ணு நிஜமாடி?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு உங்களோடு வந்தேன்.

மகளைப் பற்றியும் நீங்கள்தான் சொன்னீர்கள். 'இன்னைக்கு வேன்ல ஏறாத, அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று காலையில் சொல்லி அனுப்பினாளாமே. பள்ளியின் கேட்டைப் பூட்டுகிற வரைக்கும் அந்தக் குழந்தை பையை மாட்டிக்கொண்டு நின்றதாமே. சொல்லும்போது உங்கள் குரல் தடுமாறியது. அத்தியாயத்தை அந்த இடத்தில் முடித்திருக்கலாம். எனக்கு அப்போது தெரியாமல் போய்விட்டது.

அவளை ஏமாற்றினேன் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். அன்று மாலையே அந்தப் பேப்பரை டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, 'நீ தேர்வாகிவிட்டாய் கண்ணு' என்ற செய்தியோடு அனுப்பிவிட்டேன். நீங்கள் என் போனை வாங்கிக்கொள்ளும்போது அதற்கு ஒரு டிக்தான் விழுந்திருந்தது. அவள் போனும் உங்களிடம்தான் இருக்கிறது என்றார் பெண் காவலர். யாராவது அதைச் சார்ஜில் போட்டிருந்தால், இரண்டாவது டிக் விழுந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். ரொம்ப நாளாகக் காத்திருந்தவள். சந்தோஷப்படுவாள்.